தீபத்துக்கு அங்கே மணி என்ன?

வாசகர் கேள்வி-பதில்: வெளிநாட்டுப் படிப்பும் பண்டிகையும் பயணமும்

இந்த முறை தபால் பையில் பாதிக்கு மேல் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் கடிதங்கள். கலெக்டர் ஆபீஸைச் சுற்றியுள்ள நகர்களில் பிள்ளையைக் கடல் கடந்து படிக்க அனுப்பிய வீடுகள் கூடிவிட்டன என்பது அதிலேயே தெரிகிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் ஆசிரியர் இந்தப் பையை என்னிடம் கொடுத்தார். ஆசையோடு வாங்கிக்கொண்டேன்.

கேள்வி: பையன் ஜெர்மனிக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. மலையில் தீபம் ஏற்றும்போது அவனுக்கு மணி என்ன இருக்கும்?
— ஓர் அம்மா, வேங்கிக்கால்

பதில்: இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியம் ஒன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: லண்டனில் பகல் பன்னிரண்டரை, நியூயார்க்கில் காலை ஏழரை, கலிபோர்னியாவில் விடியற்காலை நாலரை, சிங்கப்பூரில் இரவு எட்டரை, மெல்போர்னில் இரவு பதினொன்றரை.

ஒன்றரை மணிக்கு உங்கள் பையன் வகுப்பில் இருப்பான், இல்லாவிட்டால் மாணவர் உணவகத்து வரிசையில் தட்டோடு நிற்பான். அதனால் “ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்” என்று சொல்லாதீர்கள். “உன் மணிக்கு ஒன்றரை” என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். தீபம் ஏற்றும் நேரத்தில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவது சில நிமிடம்தான், அவருக்காக யாரும் காத்திருக்கலாம், அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். ஊருக்குள் கூட்டத்தில் போன் எடுக்காது. உங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும், மலை உச்சி நன்றாகத் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. அதே நாள் பரணி தீபம் அதிகாலை நாலு மணிக்கு. அங்கே அது முந்தின இரவு பதினொன்றரை. மாணவர்கள் விழித்திருக்கிற நேரம். அதை நேரலையில் அவன் முழுதாகப் பார்க்கட்டும். மாலையில் மலைமேல் ஏற்றும் மகாதீபத்தை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: விடுதி அறையில் ஓர் அகல் விளக்கு, ஒரே ஒரு அகல் விளக்கு, ஏற்றலாமா?
— தீபத்துக்கு வர முடியாத மாணவி, மான்செஸ்டர்

பதில்: கூடாதும்மா. புகை உணரும் கருவி கத்தினால் கட்டடத்தில் உள்ள எல்லோரும் நவம்பர் குளிரில் வாசலில் நிற்க வேண்டும். பல விடுதிகளில் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி இரண்டுக்கும் ஒப்பந்தத்திலேயே தடை இருக்கிறது. ஜன்னலில் பேட்டரி விளக்கு வரிசையாக வை. நெருப்புதான் வேண்டும் என்று மனசு கேட்டால், சொந்தத் தோட்டம் உள்ள நண்பர் வீட்டுக்குப் போய் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு ஏற்று. அந்தத் தோட்டத்தில் விளக்கைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அறையில் நீ ஒருத்திதான் நின்றிருப்பாய்.

கேள்வி: ஐரோப்பியர்களுக்கு நம் கார்த்திகை மாதிரி ஏதாவது உண்டா?
— பள்ளி ஆசிரியர், வேங்கிக்கால்

பதில்: நான் எதிர்பார்க்காத அளவுக்கு உண்டு, ஐயா. அங்கே கார்த்திகை மாதம் என்றால் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இருட்டுகிற நாட்டில் விளக்குக்கு மதிப்பு அதிகம்.

ஜெர்மனியில் நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குழந்தைகள் காகிதத்தில் தாங்களே செய்த விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டு, பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். முன்னால் குதிரை மேல் ஒருவர் மார்ட்டின் வேடத்தில் போவார். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் மார்ட்டின் என்பது கதை. பல ஊர்களில் ஊர்வலம் ஒரு பெரிய நெருப்பைச் சுற்றி முடியும். நம் தெருக்களில் சொக்கப்பனை பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்க யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் தன் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டுக் காலுறையைச் சரிசெய்துகொண்டாள். மிச்ச வழி முழுதும் நானே அதைத் தூக்கி வந்தேன்.

பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள். பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். சுவீடனில் டிசம்பர் 13 புனித லூசியா நாள். வெள்ளை உடை, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு ஒரு பெண் முன்னால் வர, மற்றவர்கள் பாடிக்கொண்டு பின்னால் வருவார்கள். 2024இல் நம் மகாதீபமும் அதே டிசம்பர் 13 அன்றுதான் வந்தது. அன்று ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த திருவண்ணாமலைப் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு விளக்குத் திருநாள்.

உங்கள் மாணவர்களில் யாராவது போவதாக இருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள்: தன் பண்டிகையை நினைத்து அறையில் உட்கார்ந்திருக்கிற அதே வாரத்தில் கீழே தெருவில் விளக்கு போகும். இறங்கிப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவன் நான். ஹாம்பர்க்கில் என்ன செய்வது?
— முதுகலை மாணவன்

பதில்: கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உன் ஊரில் வெளி ஆல்ஸ்டர் ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ ஏழரை. இரண்டு சுற்று சுற்றினால் கணக்கு சரியாகி, கொஞ்சம் புண்ணியமும் மிஞ்சும். எட்டு லிங்கம் அங்கே இல்லை, தம்பி. துணைக்கு ஒருவரை அழைத்துப் போ. கிரிவலத்தில் நாம் பேசுகிற பேச்சை நின்றுகொண்டு பேச முடியாது. ஜெர்மனியில் எனக்கு நெருங்கிய நட்பு பல நடந்தே வந்தது.

கேள்வி: வெளிநாட்டில் தேர் பார்த்தது உண்டா? நம் தேர் மாதிரி வருமா?
— ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், வேங்கிக்கால்

பதில்: தீபத் திருவிழா ஏழாம் நாள் பெரிய தேர் மாட வீதியில் அசைகிறபோது வயிற்றுக்குள் ஒன்று அசையுமே, அது வேறெங்கும் வராது. ஆனால் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் நான் பார்த்த தேருக்குக் கண் கலங்கினேன்.

ஹம் நகரத்தின் ஊன்ட்ரோப் பகுதி தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அந்தக் கிடங்குகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே 17 மீட்டர் ராஜகோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில் நிற்கிறது. கும்பாபிஷேகம் 2002இல். கட்டியவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1980களில் போரிலிருந்து உயிர் தப்பி, அகதியாகப் போய் இறங்கியவர்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவியும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை, அம்பாளுக்கும் ஒரு வீடு கட்டியது. கோடைத் தொடக்கத்தில் தேர். ஜெர்மனி முழுவதிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். காவடி உண்டு, அங்கப்பிரதட்சணம் உண்டு, தெரு ஓரத்தில் பாதை போட்டுப் போலீஸ் நிற்கும். தீர்த்தத்துக்குக் குளம் இல்லை. பக்கத்தில் சரக்குப் படகு போகிற கால்வாய் ஒன்று இருக்கிறது, அம்பாளுக்கு அங்கேதான் தீர்த்தமாட்டு.

வடம் பிடிக்கப் போனபோது ஒரு வயதான அம்மா “தம்பி, நீங்கள் எவடம்?” என்று கேட்டார். திருவண்ணாமலை என்றேன். “ஐயோ, அண்ணாமலையார்ட ஊரோ!” என்று சொல்லி, வரிசையில் நின்றவர்களுக்கு என்னைக் காட்டி, சாப்பாட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்காரவைத்தார். அவர் அண்ணாமலையாரைப் பார்த்ததே இல்லை. தன் ஊர்க் கோயிலையும் பல வருஷமாகப் பார்க்கவில்லை என்று பேச்சில் தெரிந்தது. நமக்கு விடுமுறை கிடைத்தால் வேங்கிக்கால். அவருக்கு அப்படிப் போக முடியாத காலம் எவ்வளவு நீளம்! வீட்டு நினைப்பு வருகிற ஒவ்வொரு மாணவனும் ஒரு முறை ஹம் போய் அந்த மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிராந்திய ரயிலில் ஹம் இறங்கி, ஊன்ட்ரோப் பஸ் பிடித்தால் போதும்.

கேள்வி: பாரிஸில் பிள்ளையார் தேர் போகும் என்கிறார்களே, லண்டனில் படிக்கும் நான் போய் வரலாமா?
— மாணவி, லண்டன்

பதில்: போகலாம், விசா எடுத்துக்கொண்டு. பிரிட்டன் மாணவர் விசா பிரான்ஸில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். கோடையில் விண்ணப்பக் கூட்டம் அதிகம், மாதக்கணக்கில் முன்னதாக நேரம் குறித்துக்கொள். லா ஷப்பல் பகுதி மாணிக்க விநாயகர் ஆலயத்துத் தேர் 1996 முதல் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று வருகிறது. பாரிஸ் தெருவில் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொண்டு போ, ஓடு காலைக் கிழிக்கும்.

கேள்வி: ஜெர்மனி அட்டை இருந்தால் எத்தனை நாடு சுற்றலாம்?
— அதே பாதையில் போகவிருக்கும் மாணவன், வேங்கிக்கால்

பதில்: ஜெர்மனியின் வசிப்பு அனுமதி அட்டையோடும் பாஸ்போர்ட்டோடும் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள் வரை இருக்கலாம். அந்த இரண்டும் எப்போதும் கையில் இருக்க வேண்டும், போட்டோ போதாது. அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிற இடைவேளையில் எல்லை தாண்டாதே. முதலில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள். மலிவு டிக்கெட் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் இதைக் கேட்க மறந்தவர்கள் உண்டு. திரும்பி வரும்போது விமான நிலையக் கவுன்டரில் அந்தச் சந்தோஷம் இருக்காது.

கேள்வி: படிக்க அனுப்பினேன். வாரம் ஒரு ஊரிலிருந்து போட்டோ வருகிறது. என் பணம் படிப்புக்குப் போகிறதா, ரயிலுக்குப் போகிறதா?
— தந்தை, வேங்கிக்கால்

பதில்: உங்கள் கவலை நியாயம், ஐயா. கணக்கைப் பார்த்துவிடலாம். ஜெர்மன் விசாவுக்காக நீங்கள் முடக்கக் கணக்கில் போட்ட தொகை, 2024 செப்டம்பர் முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ. அது மொத்தமாகப் பையன் கைக்கு வராது. மாதம் 992 யூரோவாகத்தான் திறக்கும். வாடகை, காப்பீடு, சாப்பாடு போனால் மிச்சம் சொற்பம். அதில் தினமும் விமானம் ஏற முடியாது.

பின்னே எப்படிச் சுற்றுகிறான்? 2023 மே மாதம் ஜெர்மனியில் நாடு முழுதும் செல்லும் மாதச் சீட்டு ஒன்று கொண்டு வந்தார்கள். அப்போது 49 யூரோ, 2026இல் 63. அதிவேக ரயிலில் ஏற முடியாது. மற்றபடி பிராந்திய ரயில், நகர பஸ், டிராம் எல்லாம் அடக்கம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அது செமஸ்டர் கட்டணத்தோடு சலுகை விலையில் வந்துவிடுகிறது. அதாவது அவன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் காசு போயிருக்கும். ரொட்டியும் தண்ணீரும் பையில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பி இரவு திரும்புகிற பயணம் அது. சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யவும் அவனுக்கு அனுமதி உண்டு, ஒருவேளை அதையே செலவழிக்கிறான்.

பயணத்தையும் படிப்பையும் எதிரியாக வைக்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பலேறினார். வயது 19. கேம்பிரிட்ஜ் போய்ச் சேருமுன், கப்பலிலேயே வெள்ளைக் குறுமீன்கள் என்ற நட்சத்திர வகையைப் பற்றிக் கணக்குப் போட்டார். ஒரு நட்சத்திரம் அப்படி முடிவதற்கு எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டது அந்தப் பயணத்தில்தான். 1983இல் நோபல் பரிசு வந்தது. உங்கள் பையனிடம் மதிப்பெண்ணைக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கூடவே, “அந்த ஊர்ல என்ன பார்த்த?” என்றும் கேளுங்கள். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவன் எப்படிப் பேசுகிறான் என்று கவனித்தால், நீங்கள் அனுப்பிய பணம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: தீபாவளிக்குப் பார்சல் போட வேண்டும். என்ன போடலாம், என்ன கூடாது?
— ஓர் அம்மா, வேங்கிக்கால்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருள் உள்ளே போகக் கூடாது. பால்கோவாவை மறந்துவிடுங்கள். கறிவேப்பிலையும் கூடாது. 2019 டிசம்பர் முதல் அங்கே செடி, இலை, பழம் எதற்கும் சான்றிதழ் வேண்டும். விலக்கு பெற்றவை ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. அமெரிக்காவில் கறிவேப்பிலைக்குத் தடை இன்னும் கடுமை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்த இலையில் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள், அவர்கள் பயம் சரியானது. ஆஸ்திரேலியாவுக்குக் கையில் கொண்டுபோவதாக இருந்தால் சாப்பிடுகிற பொருள் எதுவானாலும் இறங்கும்போது அட்டையில் எழுதி ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பிள்ளையே ஊர் வந்து திரும்புகிறானா? கற்பூரத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், தீப்பற்றும் பொருள். கொப்பரைத் தேங்காயும் எண்ணெய்ப் பசையால் அதே பட்டியலில் வரும்.

போடக் கூடியவை: முறுக்கு, தட்டை, பொருளங்காய் உருண்டை. எல்லாவற்றுக்கும் மேலே நம் மாவட்டத்து வேர்க்கடலை. மணிலாக் கொட்டை விளையாத கிராமம் இங்கே குறைவு, கடலை உருண்டை பிடிக்க வேறு ஊரில் வாங்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மகனிடம் சொல்லுங்கள்: யாருக்குக் கொடுத்தாலும் “இதில் கடலை இருக்கிறது” என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். கடலை ஒவ்வாமை அங்கே உயிரைப் பறிக்கிற அளவுக்கு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். அவன் பங்கு போடுகிற அளவுக்குத்தான் அவனுக்குத் தீபாவளி.

கேள்வி: தீபாவளியன்று தேர்வு வைத்திருக்கிறார்கள். நியாயமா?
— பொறியியல் மாணவன், கனடா

பதில்: அவர்கள் நாட்காட்டியில் அது சாதாரண நாள், தம்பி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரசு விடுமுறை. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கும் விடுமுறை வந்துவிட்டது. உன் பல்கலைக்கழகத்தில் மத விழாவுக்குத் தேர்வு நாளை மாற்றித் தர விதி இருக்கிறதா என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே கேள், பல இடங்களில் இருக்கிறது. இல்லையென்றால் காலையில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுப் போய் நன்றாக எழுது. ஞாயிறன்று தமிழ்ச் சங்கத்தில் இலை போடுவார்கள்.

கேள்வி: மின் அடுப்பில் பொங்கல் பொங்குமா?
— பாட்டி, வேங்கிக்கால்

பதில்: பொங்கும் பாட்டி. கொஞ்சம் முன்னாலேயே இறக்கி, அடியில் ஒரு தாம்பாளம் வைத்து அதில் வழியவிட வேண்டும். சுவிட்சுக்குள் பால் போனால் வீட்டுக்காரர் வருவார்.

உங்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். தை முதல் நாள் ஜெர்மனியின் ரூர் பகுதியில் சூரியன் ஏறத்தாழ எட்டரை மணிக்குத்தான் எழும். எட்டு மணி வரை தூங்கிய பேரனும் சூரியனுக்கு முந்தி எழுந்தவனாகிவிடுவான்! இன்னும் வடக்கே, நார்வேயில் டிரொம்சோ என்று ஒரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்கே நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஏறத்தாழ ஜனவரி 15 வரை தலை காட்டாது. நாம் பானை வைக்கிற அதே நாட்களில்தான் அவர்களுக்குச் சூரியன் திரும்பி வருகிறான். சுற்றிலும் மலை இருப்பதால் ஊருக்குள் கதிர் விழ இன்னும் சில நாள் ஆகும். ஜனவரி 21ஐச் சூரியன் நாள் என்று கொண்டாடுகிறார்கள். அன்று “சூரிய உருண்டை” என்று ஓர் இனிப்பு ரொட்டியைக் கடை கடையாக விற்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் வெளியே ஓடி வந்து வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள்.

நாம் தினமும் பார்க்கிறவனுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் நன்றி சொல்கிறோம். அவர்கள் இரண்டு மாதம் பார்க்காமல் இருந்து வரவேற்கிறார்கள். அந்த ஊரில் படிக்கிற தமிழ்ப் பிள்ளை ஒரு சின்னக் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்து அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வகுப்புத் தோழி தன் வீட்டுக்கு அழைக்கிறாள். நான் சைவம். போகலாமா?
— மாணவி, ஜெர்மனி

பதில்: கட்டாயம் போ. சைவம் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடு, கடைசி நிமிடத்தில் சொன்னால்தான் அவர்களுக்குச் சங்கடம். டிசம்பர் 24 மாலை பல வீடுகளில் உருளைக்கிழங்கு சாலடும் தொத்திறைச்சியும்தான் சாப்பாடு. சாலட் உனக்கு. அதில் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள். கையில் ஏதாவது கொண்டுபோ.

அழைப்பு இல்லாத பிள்ளைகளுக்கும் ஒன்று: 24 மதியத்தோடு கடைகள் மூடினால் அதன் பிறகு இரண்டு நாளாவது திறக்காது. விடுதி காலியாகி, வளாகத்தில் காலடி ஓசை தனியாகக் கேட்கும். வீட்டு நினைப்பு அதிகம் வருவது நம் பண்டிகையில் அல்ல, ஊரே தன் வீட்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிற அவர்கள் பண்டிகையில். அரிசி, பருப்பு, காய் வாங்கி வைத்துக்கொண்டு, மாடியில் மிஞ்சியிருக்கிற நைஜீரிய மாணவரையும் ஈரான் மாணவியையும் சாம்பாருக்குக் கூப்பிடுங்கள். அவர்களும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: வீடியோ காலும் பார்சலும் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?
— கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

பதில்: சிரமப்பட்டுத்தான். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையில் “நெவாசா” கப்பலில் ஏறி ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். நாலு வாரம். ஆகஸ்டில் உலகப் போர். சைவச் சாப்பாட்டை அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். ஒரு நாள் அவரைப் பார்க்க வந்த மகலானோபிஸ் என்ற வங்காள மாணவர், இரவில் குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மேல்கோட்டு போட்டுச் சால்வை சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். மகலானோபிஸ் கட்டிலைப் பார்த்தார். விரிப்புக்கு அடியில் கம்பளிகள் மடித்துச் செருகியபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உலகம் வியந்த கணித மூளைக்கும் கட்டிலைக் காட்ட ஒரு சக மாணவர் வேண்டியிருந்தது. புதிதாக வந்து சேர்கிற ஜூனியரின் அறைக்குப் போய் “ராத்திரி குளிருதா?” என்று கேட்கிற வேலை இன்றைக்கும் சீனியர்களுக்கு இருக்கிறது.

கேள்வி: 2024 டிசம்பரில் மலை சரிந்தபோது நான் இங்கே இருந்தேன். செய்தியில்தான் பார்த்தேன். ஊரில் இல்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது.
— திருவண்ணாமலை மாணவன், அயர்லாந்து

பதில்: டிசம்பர் 1 இரவு, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் இறங்கின. ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். நீ இங்கே இருந்திருந்தாலும் அந்தப் பாறையை நிறுத்தியிருக்க முடியாது, தம்பி. இங்கே இருந்த நாங்களும் மழையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பன்னிரண்டு நாள் கழித்துத் தீபம் ஏற்றினார்கள். அந்த வருஷம் பக்தர்களை மலையேற விடவில்லை. சரியான முடிவு.

உறுத்தலை வீணாக்காதே. நீ என்ன படிக்கிறாய் என்று எழுதவில்லை. மண்ணியலோ கட்டுமானமோ மழைக் கணிப்போ என்றால் இந்த மலையை உன் ஆய்வுக்கு எடுத்துக்கொள். வேறு படிப்பு என்றால், அடுத்த முறை வரும்போது மலையடிவாரத் தெருக்களில் நடந்து, அங்கே இருக்கிறவர்களோடு பேசு. எந்த நாளானாலும் ஊருக்கு வந்து செய்கிற காரியம் அது. தாமதமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

கேள்வி: நம் ஊரில் சுற்றுகிற வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் எப்படிப் பழகுவது? பேசத் தயக்கமாக இருக்கிறது.
— பிளஸ் டூ மாணவி, வேங்கிக்கால்

பதில்: அழகான கேள்வி. நம் ஊருக்கு அந்தப் பழக்கம் பழசு. ரமணரைப் பற்றி 1934இல் பால் பிரன்டன் புத்தகம் எழுதிய பிறகு வரத்து கூடியது. 1935இல் வந்த மேஜர் சாட்விக் என்பவர் 1962இல் இறக்கும் வரை இங்கேயே இருந்துவிட்டார். செங்கம் சாலையில் காலையில் சைக்கிளில் போகிற பிள்ளையும் வீட்டை விட்டு வந்ததுதான். தீபத்தன்று வாசலில் விளக்கு வைக்கும்போது ஒருவர் நின்று பார்த்தால், ஓர் அகலை எடுத்து நீட்டு. உன் இங்கிலீஷ் போதுமா என்று யோசிக்காதே. நாளை நீ அவர்கள் ஊரில் நிற்கும்போது யாராவது நீட்ட வேண்டும் என்று நினைப்பாய் அல்லவா?

கேள்வி: பயணத்தில் பாஸ்போர்ட் தொலைந்தால்?
— பெயர் வேண்டாம் என்ற மாணவன்

பதில்: முதலில் போலீஸில் எழுத்தில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். ஜெர்மனியில் பெர்லினில் தூதரகம், ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக்கில் துணைத் தூதரகங்கள். நகல்களை வீட்டிலும் மின்னஞ்சலிலும் இன்றைக்கே வைத்துவிடு.

கேள்வி: மகள் ஒரு வருஷம் கழித்துத் தீபத்துக்கு வருகிறாள். எந்த வழியாக வரச் சொல்லலாம்?
— தந்தை, வேங்கிக்கால்

பதில்: தீபத்துக்கு இரண்டு நாள் முந்தியாவது ஊரில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். அன்றைக்கே வந்தால் பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும், பெரிய பெட்டியோடு கூட்டத்தைக் கடப்பது கஷ்டம். திண்டிவனம் வழியோ செங்கம் வழியோ வந்தால் உங்கள் வீட்டுக்கு ஊரைச் சுற்றியாக வேண்டும். சென்னையில் இறங்கினாலும் பெங்களூரில் இறங்கினாலும் ரயிலில் காட்பாடி வரச் சொல்லுங்கள். அங்கிருந்து வேலூர், போளூர் வழி பஸ். அந்தச் சாலையில் ஊருக்கு முன்னாலேயே வேங்கிக்கால் வந்துவிடும். கண்டக்டரிடம் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தம் என்று ஏறும்போதே சொல்லிவைக்கட்டும். நீங்கள் வண்டியோடு அங்கே நில்லுங்கள், பெட்டி கனமாக இருக்கும்.